கோடைக் கடைசியில் ஒரு மருமகள்

கத்திரி கழிந்தால் கோடை கழிந்த மாதிரிதான் என்று வீட்டுப் பெரியவர்கள் சொல்வது வழக்கம். மே மாதக் கடைசியில் அக்கினி நட்சத்திரம் விடை பெற்றுக் கொள்கிறது. அதற்கப்புறம் வெயிலுக்கு வெட்கம் வந்து, தானாகவே தணிந்துவிடும் என்பது நம்பிக்கை. பல ஊர்களில் இந்த நம்பிக்கை பலிக்கவும் செய்கிறது. சென்னைப் பட்டணத்து வெயிலுக்கு மட்டும் வெட்கம் என்பதே கிடையாது. கத்திரிக்குப் பயந்து மலைவாசஸ்தலங்களுக்குப் போனவர்கள் திரும்பி வந்து, "அப்பாடா, இனிமேல் பயமில்லை!" என்று பெட்டியைத் திறக்கும் சமயத்தில்தான் அது தன் கைவரிசையைக் காட்டத் தொடங்குகிறது. நுங்கம்பாக்கத்தில் 45 டிகிரி பதிவாகி, ஊரே பேச்சு மூச்சில்லாமல் கிடந்த நாள் எது தெரியுமா? 2003-ஆம் வருஷம் மே 31. கத்திரி மூட்டை கட்டிக் கொண்டு போனதற்குப் பிறகு!

இதெல்லாம் தெரியாமல், 2019-ஆம் வருஷம் ஜூன் முதல் வாரத்தில், தென்காசியிலிருந்து எங்கள் குடியிருப்புக்கு ஒரு புது மருமகள் வந்து சேர்ந்தாள்.

மேற்கு மாம்பலத்தில் உள்ள பழைய கட்டடம் எங்களுடையது. பன்னிரண்டு குடித்தனங்கள். இரண்டாவது மாடியில் அவளுடைய புருஷனும் மாமியாரும் இருந்தார்கள். வைகாசி முகூர்த்தத்தில் கலியாணம். மறுவீடு, விருந்தெல்லாம் முடித்துக் கொண்டு பட்டணப் பிரவேசம். பெயரைப் போடக் கூடாது என்று அவள் கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள். "எங்க அத்தை படிச்சா என்ன நினைப்பாங்க அக்கா?" என்றாள். நியாயந்தானே? ஆகையால் அவளைத் தென்காசிப் பெண் என்றே சொல்லிக் கொண்டு போகிறேன்.

பொதிகை எக்ஸ்பிரஸிலிருந்து எழும்பூரில் இறங்கிய விடியற்காலையிலேயே ரவிக்கை முதுகோடு ஒட்டிக் கொண்டதாம். "இன்னும் சூரியனே வரலையே, இது எங்கேயிருந்து வருது?" என்று புருஷனைக் கேட்டாளாம். "பழகிடும்" என்று அவர் பதில் சொன்னாராம். சென்னையில் குடியேறி இரண்டு வருஷம் ஆன எல்லாரும் புதிதாக வருகிறவர்களுக்குச் சொல்லும் பதில் இதுதான். பழகிவிடுகிறதா என்பது வேறு விஷயம்.

தென்காசியில் ஜூன் மாதம் என்றால் அதன் அர்த்தமே வேறு. குற்றாலத்தில் அருவி விழ ஆரம்பிக்கும் மாதம் அது. வெயில் அடித்துக் கொண்டே இருக்கும். அதற்கு நடுவில் ஊசி ஊசியாகச் சாரல் விழும். குடை பிடிக்கவும் தோன்றாது, நனைவதாகவும் தோன்றாது. சிற்றாற்றில் தண்ணீர் நிறம் மாறி ஓடும். அந்த வருஷம் கேரளத்தில் பருவமழை ஜூன் 8-ந் தேதிதான் தொடங்கியது. வழக்கத்துக்கு ஒரு வாரம் தாமதம். அதனால் சாரல் பிடிக்கும் முன்பே அவள் ரயில் ஏறும்படி ஆகிவிட்டது. இங்கே வந்து சில நாட்களுக்கெல்லாம் தாயார் டெலிபோனில், "ஏட்டி, இங்க சாரல் விழ ஆரம்பிச்சிட்டு! அங்க எப்படி இருக்கு?" என்று கேட்டாள். "நல்லா இருக்கும்மா" என்று சொல்லிவிட்டு இவள் முகத்தைத் துடைத்துக் கொண்டாள். வியர்வையைத் துடைத்ததாகத்தான் என்னிடம் சொன்னாள்.

வேடிக்கை என்னவென்றால், அங்கே சாரலைக் கொண்டு வருவதும் இங்கே அனலை வீசுவதும் ஒரே பருவக் காற்றுத்தான். அரபிக் கடலிலிருந்து கிளம்பி வரும் தென்மேற்குக் காற்று மேற்குத் தொடர்ச்சி மலையில் மோதி, சுமந்து வந்த மழையில் பெரும் பகுதியை மலைக்கு அந்தப் பக்கமே கொட்டிவிடுகிறது. செங்கோட்டைக்கு அருகே மலையில் ஒரு கணவாய் இருக்கிறது. அதன் வழியே தப்பித்து வரும் ஈரந்தான் குற்றாலத்துச் சாரல். மற்ற இடங்களில் மலையைத் தாண்டி வரும் காற்று வெறுங்கையோடு இறங்குகிறது. இறங்க இறங்கச் சூடேறுகிறது. அப்புறம் காய்ந்த நிலத்தின்மேல் நூற்றுக் கணக்கான மைல் ஓடிச் சென்னைக்கு வந்து சேரும்போது, சமையலறைக் கதவைத் திறந்தாற்போல் முகத்தில் அடிக்கிறது. இது மேற்கே இருந்து பலமாக வீசிக் கொண்டிருக்கும் வரையில், கிழக்கே கடற்காற்றுக் கரையேற முடியாமல் காத்துக் கிடக்கிறது. மே மாதத்தில் பகல் பன்னிரண்டு மணி வாக்கில் வந்துவிடும் கடற்காற்று, ஜூனில் இரண்டு மணி, மூன்று மணி என்று நேரம் கடத்துவது இதனால்தான். சில நாள் வராமலே இருந்து விடுவதும் உண்டு.

கீழ் வீட்டு மாமி இந்தக் கணக்கையெல்லாம் புத்தகம் பார்த்துத் தெரிந்து கொண்டவர் அல்ல. மொட்டை மாடிக் கொடியில் காயும் புடைவைதான் அவருக்குக் கடிகாரம். காலையிலிருந்து கிழக்குப் பக்கமாகப் பறந்து கொண்டிருக்கும் புடைவை திடீரென்று தொய்ந்து, ஒரு நிமிஷம் நின்று, அப்புறம் மேற்குப் பக்கமாகத் திரும்பிப் பறக்கும். "வந்துடுத்து! ஜன்னலைத் திறங்கோ!" என்று மாமி குரல் கொடுப்பார். தென்காசிப் பெண் சென்னையைப் பற்றிக் கற்றுக் கொண்ட முதல் பாடம் அதுதான்.

இரண்டாவது பாடத்தை அவ்வளவு சுலபமாகக் கற்கவில்லை.

வந்த பிறகு முதல் வெள்ளிக்கிழமை. மாமியார் கோயிலுக்குப் போயிருந்தார். பெண் தலைக்கு எண்ணெய் வைத்துக் கொண்டு குளிக்கப் போனாள். குளியலறையில் ஒரு பெரிய நீல டிரம் நிறையத் தண்ணீர் இருந்தது. ஆற்றில் முங்கிக் குளித்துப் பழகிய பெண். அதிலும் இடுப்புக்குக் கீழே தொங்கும் கூந்தல். சீயக்காய் போக வேண்டாமா? மொண்டு மொண்டு ஊற்றிக் கொண்டாள். குளித்து முடித்ததும், புது மருமகளுக்கு உரிய உற்சாகத்தோடு, மிச்சம் இருந்த தண்ணீரைக் கொண்டு குளியலறையையும் பால்கனியையும் பளிச்சென்று கழுவிவிட்டாள். டிரம் காலி. குழாயைத் திருகினாள். குழாய் பெருமூச்சு விட்டது.

மாமியார் வந்தார். டிரம்மின் மூடியைத் திறந்து பார்த்தார். மூடினார். ஒரு வார்த்தை சொல்லவில்லை. பர்ஸை எடுத்துக் கொண்டு கடைக்குப் போய், இரண்டு கேன் தண்ணீர் வாங்கிக் கொண்டு வரச் சொன்னார். அன்றைய சமையல் அதில்தான் நடந்தது. மூன்று பேர் அன்று முழுவதும் வைத்துக் கொள்ள வேண்டிய தண்ணீரைத் தான் ஒருத்தியே தலையில் ஊற்றிக் கொண்டது, கீழ் வீட்டு மாமி விளக்கிச் சொன்ன பிறகுதான் அவளுக்குப் புரிந்தது. "அத்தை ரெண்டு வார்த்தை ஏசியிருந்தாக்கூடத் தேவலை அக்கா. பேசாம இருந்தாங்க பாருங்க, அதுதான்..." என்று எத்தனையோ நாள் கழித்து என்னிடம் சொன்னபோதும் அவளுக்குக் குரல் சரியாக எழும்பவில்லை.

அவள் மேல் தப்பில்லை. சென்னையின் நிலைமை அப்படி. பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் என்ற நாலு ஏரிகளையும் நம்பித்தான் பட்டணம் வெகுகாலம் குடித்தனம் நடத்தி வந்திருக்கிறது. நாலும் சேர்ந்தால் 11,257 மில்லியன் கனஅடி பிடிக்கும். 2018-இல் வடகிழக்குப் பருவமழை ஏமாற்றிவிட்டது. அந்த டிசம்பருக்குப் பிறகு ஆறு மாதத்துக்கு மேல் நல்ல மழை என்று ஒன்று பெய்யவில்லை. 2019 ஜூனில் நாலு ஏரியிலும் இருந்த தண்ணீரைச் சேர்த்தால், கொள்ளளவில் நூற்றில் ஒரு பங்குகூடத் தேறவில்லை. செம்பரம்பாக்கத்தில் தரை பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது. 2015 டிசம்பரில் இதே ஏரியைத் திறந்துவிட்டார்களே என்று அடையாற்றங்கரை ஜனங்கள் மாடிக்கு மாடி ஏறித் தப்பித்தார்கள். நாலு வருஷத்துக்குள் அதில் மாடு மேய்ந்தது. வெள்ளம் வந்தால் தண்ணீரை எங்கே தள்ளுவது என்று யோசிக்கிறோம். வறட்சி வந்தால் எங்கேயிருந்து கொண்டு வருவது என்று யோசிக்கிறோம். இரண்டு யோசனையையும் ஒரே சமயத்தில் செய்வதற்கு நமக்கு ஏனோ நேரம் கிடைப்பதில்லை.

எங்கள் கட்டடத்துப் போர் ஏப்ரலிலேயே மண்ணைக் கக்கத் தொடங்கியிருந்தது. மே மாதத்தில் நின்றே போயிற்று. தனியார் லாரித் தண்ணீருக்கு முன்பு கொடுத்ததைப் போல் இரு மடங்கு கொடுத்தாலும், "நாளைக்குப் பார்க்கலாம் சார்" என்பார்கள். நாளைக்குப் பார்த்தால் டெலிபோனை எடுக்க மாட்டார்கள். சம்ப்பில் தண்ணீர் விழுந்தால் காலையில் அரை மணி, மாலையில் அரை மணி மோட்டார் போடுவது என்று ஏற்பாடு. மற்றபடி தெருமுனைக்கு வரும் தண்ணீர் லாரிதான் கதி. வீட்டுக்கு எட்டுக் குடம் என்று தெருப் பெண்கள் தங்களுக்குள் ஒரு சட்டம் போட்டுக் கொண்டார்கள். எந்தச் சட்டசபையும் இத்தனை சீக்கிரத்தில் ஒரு சட்டத்தை நிறைவேற்றியதில்லை; எந்தச் சட்டத்துக்கும் இத்தனை காவல் இருந்ததில்லை.

லாரி எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. காலை ஏழு மணிக்கும் வரும். பகல் ஒரு மணிக்கும் வரும். இரவு பதினொன்றரைக்கும் ஹாரன் அடிக்கும். அது வரும் வரையில் ஆட்கள் நிற்க முடியாதாகையால் குடங்கள் நிற்கும். பச்சை, மஞ்சள், சிவப்பு, நீலம் என்று பிளாஸ்டிக் குடங்கள் கயிற்றால் கழுத்தோடு கழுத்துக் கட்டப்பட்டு, திருவிழாவுக்கு வந்த குழந்தைகளைப் போல் நடைபாதையில் வரிசையாக உட்கார்ந்திருக்கும். குடம் இல்லாதவர்கள் ஒரு செங்கல்லை வைத்துவிட்டுப் போவார்கள். அந்தச் செங்கல்லை நகர்த்துகிறவர் பாடு அதோகதிதான். தென்காசிப் பெண் முதல் நாள் தெரியாமல் ஒரு செங்கல்லைக் காலால் தள்ளிவிட்டு, "இன்னாம்மா, கண்ணு தெரியலியா? அது எங்க வூட்டு எடம்!" என்று ஓர் அம்மாளிடம் வாங்கிக் கட்டிக் கொண்டாள். அதே அம்மாள்தான் மறு வாரம், "ஊருக்குப் புதுசு போலக்கீது, பாவம்" என்று அவளைத் தனக்கு முன்னால் நிறுத்திக் கொண்டார்.

ஒரு குடம் சுமார் 15 லிட்டர். எட்டுக் குடம் 120 லிட்டர். மூன்று பேர் வீட்டில் தலைக்கு 40 லிட்டர். நகரவாசி ஒருவருக்கு நாளொன்றுக்கு 135 லிட்டர் தேவை என்பது நம் நாட்டு அரசாங்கக் கணக்கு. இந்த இரண்டு எண்களுக்கும் நடுவில் உள்ள பள்ளத்தை யார் நிரப்பினார்கள் என்றால், வீட்டுப் பெண்கள்தான். அதுவும் தங்கள் சாமர்த்தியத்தால். அரிசி களைந்த நீர் துளசிச் செடிக்கு. ஏ.ஸி. இயந்திரத்திலிருந்து சொட்டும் நீரைப் பக்கெட்டில் பிடித்து வீடு துடைக்க. துணி அலசிய நீர் கழிப்பறைக்கு. தட்டு கழுவும் வேலை வேண்டாம் என்று தினம் வாழையிலை, தையல் இலை. குழம்பு, ரசம் என்று இரண்டு பாத்திரம் வைக்காமல் ஒரு பாத்திரச் சமையல். வாசல் தெளிக்கத் தண்ணீர் ஏது? ஈரத் துணியால் வாசல் கல்லை ஒத்தி எடுத்துவிட்டு, அந்த ஈரம் காய்வதற்குள் கோலத்தை இழுத்துவிட வேண்டும். இதில் தென்காசிப் பெண்ணை அடித்துக் கொள்ள ஆள் இல்லை. அவள் நாலே இழையில் ஒரு கோலம் கண்டுபிடித்தாள். எங்கள் கட்டடத்தில் இன்றைக்கும் அவசரத்துக்கு அந்தக் கோலந்தான்.

ஆனால் படிக்கட்டுக்குச் சாமர்த்தியம் செல்லாது. இரண்டு மாடிக்கு முப்பத்தாறு படி. 15 கிலோ குடம். எட்டுத் தடவை ஏற வேண்டும், எட்டுத் தடவை இறங்க வேண்டும். ஊரில் கிணற்றடியிலிருந்து இடுப்பில் குடம் எடுத்து வந்தவள்தான். ஆனால் அங்கே தரையோடு தரையாக நடக்க வேண்டும், அவ்வளவுதானே? முதல் வாரம் சாயங்காலமானால் கெண்டைக்கால் கல்லாகிவிடும் என்றாள்.

அந்தச் சமயத்தில்தான், தண்ணீர் இல்லாமல் சில கம்பெனிகள் தங்கள் சிப்பந்திகளை வீட்டிலிருந்தே வேலை பார்க்கும்படி சொல்லிவிட்டன. கம்பெனியில் தண்ணீர் இல்லை, சரி. வீட்டில் இருக்கிறது என்று அவர்களுக்கு யார் சொன்னார்களோ! இரண்டாவது மாடிப் பிள்ளையாண்டானும் கம்ப்யூட்டரை எடுத்துக் கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டார். நாலு நாள் ஜன்னல் வழியாக மனைவி குடம் தூக்குவதைப் பார்த்தார். ஐந்தாவது நாள் கைலியை மடித்துக் கட்டிக் கொண்டு கீழே இறங்கி வந்துவிட்டார். வரிசையில் நின்ற பெண்கள் வாயைப் பொத்திக் கொண்டு சிரித்தார்கள். மறுநாள் மூன்றாவது மாடியிலிருந்து இன்னொருவர் வந்தார். அவருடைய மனைவி அவரை எப்படி அனுப்பினாள் என்பதை நான் விசாரிக்கவில்லை.

ஜூன் 20-ந் தேதி பட்டணத்தில் பல இடங்களில் மழை விழுந்தது. பெரிய மழை ஒன்றுமில்லை. தரை நனைந்து வாசனை கிளம்பியதும் நின்றுவிட்டது. அதற்கே தெருவில் குழந்தைகளும் பெரியவர்களும் கையை விரித்துக் கொண்டு நின்றார்கள். தென்காசிப் பெண் மட்டும் வாசலில் நின்று, "இவ்வளவுதானா?" என்றாள்.

அந்த வாரத்தில்தான் மாமியார் மகனிடம் பேச்சை எடுத்தார். "ஆடிக்கு எப்படியும் பிறந்த வீட்டுக்குப் போகத்தானே போறா. இப்பவே கொண்டு போய் விட்டுடேன்."

அந்தக் கோடையில் பல வீடுகளில் பெண்டு பிள்ளைகளை ஊருக்கு அனுப்பி வைத்தார்கள். ஆகவே இது புது யோசனை அல்ல. ஆனால் உள்ளே நின்று கேட்டுக் கொண்டிருந்த பெண்ணுக்கு நீல டிரம் ஞாபகம் வந்துவிட்டது. ஒரு டிரம் தண்ணீருக்காகத் தன்னைத் திருப்பி அனுப்புகிறார்கள் என்று நினைத்துக் கொண்டாள். கலியாணம் ஆகி ஒரு மாதத்தில் திரும்பிப் போனால் தெருவில் நாலு பேர் என்ன கேட்பார்கள்? "தண்ணி இல்லைன்னு வந்துட்டேன்" என்று சொன்னால் நம்புவார்களா? அன்று ராத்திரி பதினொன்றரை மணிக்கு லாரி வந்தபோது யாரையும் எழுப்பாமல் தானே போய் எட்டுக் குடமும் சுமந்து வந்தாள். "நான் ஆடி ஒண்ணாந் தேதிதான் போவேன். அதுக்கு முன்னால போகமாட்டேன்" என்று காலையில் புருஷனிடம் சொல்லிவிட்டாள். மாமியார் அதற்கும் ஒன்றும் சொல்லவில்லை.

பகலில் வெளியே தலை நீட்ட முடியாத நேரங்களில் அவளுக்குப் பொழுது போனது மாமியாரின் அலமாரியால். அதில் 'பொன்னியின் செல்வன்' பத்திரிகையில் வந்த காலத்திலேயே கிழித்துச் சேர்த்து, மாமியாரின் தாயார் பைண்டு செய்து வைத்த பழைய புத்தகங்கள் இருந்தன. கதை ஆடிப்பெருக்கு அன்று, வீராணத்து ஏரிக் கரையில் வந்தியத்தேவன் குதிரையில் வருவதோடு ஆரம்பமாகிறது என்பது வாசகர்களுக்குத் தெரிந்ததுதான். "அந்த ஏரி இப்பவும் இருக்கா அக்கா?" என்று கேட்டாள். "இருக்கிறது. நீ காலையில் தூக்கி வந்த குடத்தில்கூட அது கொஞ்சம் இருக்கலாம்" என்றேன். அவள் நம்பவில்லை.

நான் சொன்னது விளையாட்டுக்கல்ல. பராந்தக சோழன் காலத்து ஏரியிலிருந்து, இருநூறு கிலோ மீட்டருக்கு மேல் குழாய் வழியாகச் சென்னைக்குத் தண்ணீர் வருகிறது. முதலில் போட்ட திட்டம் பாதியில் நின்று, ராட்சதக் குழாய்கள் பல வருஷங்கள் சாலையோரத்தில் கிடந்தன. ஏழை ஜனங்கள் அவற்றுக்குள் குடித்தனம் நடத்தினார்கள். பிறகு புதுத் திட்டமாக 2004-இல் நிறைவேறிற்று. ஆந்திராவிலிருந்து கிருஷ்ணா நதித் தண்ணீர் 1996-இல் பூண்டிக்கு வந்தது. கடல் நீரைக் குடிநீராக்கும் நிலையங்கள், நாளொன்றுக்குப் பத்துக் கோடி லிட்டர் வீதம், மீஞ்சூரில் 2010-இலும் நெம்மேலியில் 2013-இலும் ஏற்பட்டன. 2019-இல் இவை போதாமல், சிக்கராயபுரத்துக் கல்குவாரிப் பள்ளங்களில் தேங்கிய நீரைக்கூடச் சுத்தம் செய்து கொண்டு வந்தார்கள். இத்தனையும் சேர்ந்துதான் சாதாரணமாக 83 கோடி லிட்டர் வழங்கும் ஊருக்கு 52 கோடி லிட்டரைத் தேற்றிக் கொடுத்தன. இதையெல்லாம் கேட்ட தென்காசிப் பெண், "அப்ப இந்த ஊருக்குன்னு சொந்தமா ஆறே கிடையாதா?" என்றாள். கூவம், அடையாறு, கொற்றலை என்று மூன்று ஆறுகள் இருப்பதைச் சொன்னேன். கூவத்தை அவள் ஏற்கனவே பார்த்திருந்தாள். அதனால் மேற்கொண்டு கேட்கவில்லை.

ஜூலை 12-ந் தேதி ஜோலார்பேட்டையிலிருந்து தண்ணீர் ரயில் வந்தது. ஐம்பது வாகன்களில் 25 லட்சம் லிட்டர். வில்லிவாக்கத்தில் இறக்கி, குழாய் மூலம் கீழ்ப்பாக்கத்துக்கு அனுப்பினார்கள். மாலையும் வாழைமரமும் கட்டி ரயிலை வரவேற்றதைத் தொலைக்காட்சியில் பார்த்தோம். கணக்குப் பார்த்தால் அந்த ஒரு ரயில் தண்ணீர் ஊரின் ஒரு நாள் தேவையில் முந்நூறில் ஒரு பங்குகூட இல்லை. ஆனாலும் ரயிலைப் பார்த்தபோது மாமி கையெடுத்துக் கும்பிட்டார். நானுந்தான்.

அதே வாரக் கடைசியில் தென்காசியிலிருந்து இன்னொரு தண்ணீர் ரயில் வந்தது! பெண்ணை ஆடிக்கு அழைத்துப் போக அவளுடைய தகப்பனார் வந்தார். புடைவை, வேஷ்டி, பலகாரம், பழம், வெற்றிலை பாக்கு என்று முறைப்படி சீர்வரிசை. எல்லாவற்றுக்கும் பின்னால் ஆட்டோக்காரர் மூச்சு வாங்கிக் கொண்டு தூக்கி வந்தவை இரண்டு கேன்கள். "எங்க கிணத்துத் தண்ணி சம்மந்தி. டிவியில பார்த்தோம். வெறுங்கையோட வர மனசு கேக்கலை" என்றார் அந்தப் பெரியவர். பெண்ணுக்கு வெட்கமாகப் போய்விட்டது. தங்கள் வீட்டுக் குறையைத் தகப்பனார் சபையில் சொல்லிவிட்டதைப் போல் தோன்றியதாம். 'தங்கள் வீடு' என்று அவள் சொன்னது இந்த வீட்டை. அதை அவள் கவனித்தாளோ என்னவோ, நான் கவனித்தேன்.

மாமியார் ஒரு கேனைத் திறந்தார். அதில் காப்பி போட்டுச் சம்பந்திக்குக் கொடுத்தார். தானும் ஒரு டம்ளர் குடித்தார். "காப்பி காப்பி மாதிரி இருக்கு" என்றார். அவர் அந்த வீட்டில் அப்படி வாயாரப் பாராட்டி யாரும் கேட்டதில்லையாம்.

அன்று சாயங்காலம் பெட்டி அடுக்கிக் கொண்டிருக்கும்போது மாமியார் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். உட்காருவதற்குக் கட்டிலைப் பிடித்துக் கொண்டுதான் உட்கார முடியும். இரண்டு முழங்காலும் போய்ப் பல வருஷமாகிறது. "93-லே இந்த மாடிக்கு ஆறு மாசம் தண்ணி தூக்கினேன். 2003-லே மறுபடியும். டாக்டர் ஆயிரம் பேர் சொல்லுவான். இந்த முட்டி போனது இந்தப் படிக்கட்டுலதான். உன்னை அப்பவே ஊருக்குப் போன்னு சொன்னேன், நீ கேக்கலை. ராத்திரி ஒத்தையாப் போய் எட்டுக் குடம் தூக்கிட்டு வந்தியே, நான் முழிச்சுக்கிட்டுத்தான் இருந்தேன். ஒவ்வொரு தடவை நீ ஏறும்போதும் எனக்கு இங்கே வலிச்சுது" என்று முழங்காலைத் தொட்டுக் காட்டினார்.

ஆடி முழுவதும் அவள் தென்காசியில் இருந்தாள். அருவியில் குளித்தாள், சாரலில் நனைந்தாள். ஆனால் வீட்டுக் குழாயை யாராவது ஒழுங்காக மூடாமல் போனால், தூக்கத்திலிருந்து எழுந்து போய் மூடினாளாம். பாத்திரம் கழுவும்போது தங்கச்சி தண்ணீரைத் திறந்துவிட்டுக் கொண்டு பேசினால் கோபம் வந்ததாம். "மெட்ராஸ்காரி ஆயிட்டா" என்று தாயார் கேலி செய்தாளாம்.

ஆவணி பிறந்ததும் திரும்பி வந்தாள். நேரே லாரி வரிசைக்குத்தான். ஆனால் அதற்குள் சென்னையின் கோடை கிழமாகியிருந்தது. பகலெல்லாம் புழுங்கும், மாலையில் மேற்கே மேகம் திரளும், ராத்திரி இடிக்கும். சில நாள் ஏமாற்றும், சில நாள் பெய்யும். வெப்பச் சலன மழை என்று வானொலியில் சொல்வார்களே, அது. ஐப்பசி, கார்த்திகை மழை வருவதற்கு முன்னால் பட்டணத்துக்குக் கிடைக்கும் கைச்செலவுப் பணம் மாதிரி.

செப்டம்பரில் ஒரு நாள் நடு இரவு. கதவு, ஜன்னலெல்லாம் அடித்துக் கொள்ளும் சத்தத்தில் விழித்துக் கொண்டேன். மழை என்றால் அதுதான் மழை. மாடியில் காலடிச் சத்தம் கேட்கவே, குடையை எடுத்துக் கொண்டு ஏறினேன். 2003-இல் எல்லாக் கட்டடங்களிலும் மழைநீர் சேகரிக்க வேண்டும் என்று சட்டம் வந்தபோது எங்கள் கட்டடத்திலும் குழாய் பதித்திருந்தார்கள். பிறகு அதை யாரும் சீந்தவில்லை. உடைந்து மாடியோடு நின்று போயிருந்தது. ஆனி மாதத்திலேயே தென்காசிப் பெண்ணின் புருஷன் அதைச் செப்பனிட்டு, கீழே பழைய கிணற்றுக்குக் கொண்டு போய் விட்டிருந்தார். அது கொள்ளாமல் வழிந்த தண்ணீரின் கீழே, பச்சை, மஞ்சள், சிவப்பு, நீலம் என்று குடங்கள் வரிசையாக நின்று கொண்டிருந்தன. தென்காசிப் பெண் தொப்பலாக நனைந்தபடி ஒவ்வொன்றாக நகர்த்திக் கொண்டிருந்தாள். அவளுடைய மாமியார் எப்படித்தான் படியேறினாரோ, ஒரு பித்தளை அண்டாவோடு கைப்பிடிச் சுவரில் சாய்ந்து நின்றார்.

"முதல் மழைடீம்மா! மொட்டை மாடி அழுக்கெல்லாம் அதுலதான் வரும்! கொஞ்ச நாழி ஓட விட்டுட்டுப் பிடிங்கோ!" என்று கத்திக் கொண்டே கீழ் வீட்டு மாமி தலையில் துண்டோடு வந்து சேர்ந்தார். வந்தவர் வரிசையைப் பார்த்தார். முகம் மாறிவிட்டது.

"அந்தச் சேப்புக் குடம் என்னோடதுன்னா? முன்னாடி இருந்ததே, யார் அதை நாலாவதா நகர்த்தினது?"